சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, ஆயில் இல்லாத ஷாக்: 86,500 ரூபாய் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. காருக்கு ஆன்லைனில் ஷாக் விற்று என்னை ஏமாற்றிய அந்த ஆளுக்கும் அதுதான் வேண்டும்.

86,500 ரூபாய். எழுத்தில் எண்பத்தாறாயிரத்து ஐந்நூறு. மொட்டை மாடியில் ஷீட் போட வீட்டுக்காரி சேர்த்து வைத்திருந்த காசு. ஷீட் இல்லாத மாடிக்குக் கீழே மே மாதம் படுத்தால் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஷீட்டும் இல்லை. காரும் போர்டிகோவில் ஸ்டாண்டு மேல் முன் சக்கரம் இல்லாமல் நிற்கிறது. இந்த மாதிரி சாமான் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2014 மாடல், இரண்டாவது கையாக வாங்கியது. இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று சென்னைக்காரர்கள் சிரிக்கலாம். 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். தொரப்பாடியில் எங்கள் தெருவுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். 92,000 கிலோமீட்டர் ஓடி, முன்பக்க ஷாக் (வண்டியின் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டும் தளர்ந்துவிட்டன. முன் பக்கத்தை அழுத்தி விட்டால் ஒரு முறை எழும்பி நிற்க வேண்டிய வண்டி, மூன்று முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். டயரும் பள்ளம் பள்ளமாகத் தேய ஆரம்பித்திருந்தது.

இந்த ரக வண்டிக்குச் சாமான் தேடுவதே ஒரு வேலை. 2022இல் போலோவை இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கம்பெனி ஷாக்குக்குப் பதில், ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒரே செட்டாக வரும் காயில் ஓவர் போட்டுவிடலாம், உயரத்தையும் கடினத்தையும் நாமே திருகி வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம், அதை மறைக்கவில்லை.

தேடும்போது மாட்டியது ஒரு ஆன்லைன் பக்கம். கார் பெர்ஃபார்மன்ஸ் சாமான் மட்டும் விற்கிறவர்கள். கடை கிடையாது, போர்டு கிடையாது. போட்டோ போட்டு, மெசேஜில் விலை பேசி, பார்சலில் அனுப்பும் வகை. அதில் ஒரு மோனோட்யூப் (ஒரே குழாய்க்குள் ஆயிலும் அழுத்தமான கேஸும் இருக்கும் வகை) காயில் ஓவர் செட். கடினத்தை 32 படியாகத் திருகி மாற்றும் க்ளிக் அட்ஜஸ்ட்மென்ட். "பாக்ஸ் மட்டும் பிரித்தது, வண்டியில் ஏறாதது." புதிதாக வாங்கினால் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும், எனக்கு 86,500.

நான் அவ்வளவு லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். எதில் விழுந்தேன் என்றால், பேச்சில். போன் எடுத்ததும், "இன்னாண்ணா, எந்த ஊரு?" என்றான். வேலூர் என்றேன். "அட, நானும் குடியாத்தம்தாண்ணா! பாலாத்துத் தண்ணி குடிச்சி வளந்தவன், உங்ககிட்ட பொய் சொல்லுவனா?" பாலாற்றில் வருஷத்தில் எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. நானும் "தம்பி, தம்பி" என்று குழைந்தேன்.

அப்புறம் வீடியோ கால். ஒரு ஷாக்கை எடுத்து, ராடை (உள்ளே போய் வரும் கம்பி) உள்ளங்கையால் உள்ளே தள்ளி, கையை எடுத்தான். ராடு நிதானமாக, ஒரே வேகத்தில் தானே வெளியே வந்தது. "கேஸ் பிரஷர் பாருங்கண்ணா." பார்த்தேன். மோனோட்யூப் ஷாக் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. உள்ளே கேஸ் இருந்தால் ராடு திரும்பி வரும், போய்விட்டால் தள்ளிய இடத்திலேயே கிடக்கும். அதை நான் கேட்காமல் அவனே செய்து காட்டினான் பாருங்கள், அங்கேதான் நான் காலி.

அதைவிடப் பெரிய தூண்டில் அடுத்தது. "வீட்லயே மாட்டப் போறீங்களாண்ணா? அப்ப முன்னாடி ரெண்டையும் ஸ்ப்ரிங், டாப் மவுண்ட் எல்லாம் போட்டு அசெம்பிள் பண்ணியே அனுப்பிடறேன். ஸ்ப்ரிங் கம்ப்ரெஸர் வச்சி வீட்ல ரிஸ்க் எடுக்காதீங்க. குழந்தைங்க இருக்கிற வீடு." என் பெண் வீடியோ காலில் ஓரமாக எட்டிப் பார்த்திருந்தாள், அதைக் கவனித்துச் சொன்னான். இவ்வளவு அக்கறையாக ஒரு வியாபாரியா என்று உருகிப்போனேன். அட்வான்ஸ் 40,000 அன்று இரவே, மீதி 46,500 மறுநாள். இரண்டாவது தொகைக்கு வேறு ஒரு பெயரில் க்யூஆர் கோடு அனுப்பினான். "அக்கவுண்ட் லிமிட்டுண்ணா." சரி என்று அதையும் அனுப்பினேன்.

நாலு நாளில் பார்சல் வந்தது. டு-பே (பார்சலை எடுக்கும்போது நாம் கட்டும் கூலி) 1,180 ரூபாய், அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெட்டியைப் பிரித்தால் பளபளவென்று இருக்கிறது. போலோவுக்குப் பின்னால் ஸ்ப்ரிங் தனி, ஷாக் தனி. பின் ஷாக் இரண்டையும் அழுத்திப் பார்த்தேன், அழகாகத் திரும்பி வந்தன. முன்னால் இரண்டும் ஸ்ப்ரிங்கோடு இருந்ததால் அழுத்திப் பார்க்க முடியாது. மேல் நட்டின் மீது "பிரித்தால் வாரன்டி இல்லை" என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. பின்னது நன்றாக இருக்கிறதே, முன்னதும் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காயில் ஓவரில் கீழ் வளையத்தைக் கொக்கிச் சாவியால் கீழே இறக்கினாலே ஸ்ப்ரிங் தளர்ந்துவிடும், அதை எடுத்துவிட்டு முன்னதையும் அழுத்திப் பார்த்திருக்கலாம். கம்பெனி ஷாக் மாதிரி கம்ப்ரெஸர் போட்டு நெரிக்க வேண்டியதே இல்லை. இது எனக்குத் தெரியும்! தெரிந்தும், அவன் சொன்ன அக்கறை வார்த்தையில் மறந்துபோனேன். இரவில் இதை நினைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் வேலை. ராணிப்பேட்டையில் லேத் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா கூட இருந்தார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் இரும்பு) இறுகியிருந்த ஷாக்கை விரிப்புச் சாவி போட்டு இறக்கினோம். கழற்றிய போல்ட்டுகளை மறுபடி மாட்டாமல் புது போல்ட் போட்டோம். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் மாற்றினோம். அந்த போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது. கீழே ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்குத் தூக்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். எல்லாமே டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி) வைத்து, மேனுவலில் போட்ட அளவு. திங்கட்கிழமை வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. இதை விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறது.

முதல் நாளே பாகாயம் ரோட்டு ஸ்பீடு பிரேக்கரில் "டங்" என்றது. க்ளிக்கைக் கடைசி வரை இறுக்கினேன், ஒரு மாற்றமும் இல்லை. முழுசாகத் தளர்த்தினேன், அதே ஆட்டம். பின்னால் திருகினால் வித்தியாசம் தெரிகிறது, முன்னால் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் ஈரம். தொட்டு முகர்ந்தால் ஆயில்.

போன் செய்தேன். "செட் ஆகணும்ணா. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும். அது அசெம்ப்ளி கிரீஸ்." அதையும் நம்பி, ஓடட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்குக் கிளம்பினேன். பள்ளிகொண்டா டோல் தாண்டும் வரை பரவாயில்லை. பொன்னேரியில் இருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவு. எட்டாவதில் திரும்பும்போது முன் இடது பக்கம் அப்படியே உட்கார்ந்து, டயர் உள் ஃபெண்டரைத் தேய்த்துக்கொண்டு கத்தியது. நல்ல வேளை ஏற்றம், வேகம் இல்லை. பக்கத்தில் மனைவி, பின்னால் பெண். அந்த வளைவுகளுக்கெல்லாம் புலவர்கள் பெயரும் கடையேழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். வாரிக் கொடுத்தவர்கள் பெயர் வைத்த ரோட்டில், பறிகொடுத்தவன் நான் ஓரமாக நின்றேன். இறங்கி வந்தது இருபது கிலோமீட்டர் வேகத்தில்.

அதற்குப் பிறகு அவன் பேச்சே மாறிவிட்டது. "அண்ணா" போய் "சார்" வந்தது.

"வீட்லயா மாட்டினீங்க சார்? அப்ப வாரன்டி கிடையாதே." அடப்பாவி, வீட்டில் மாட்டத்தானே அசெம்பிள் செய்து அனுப்பினாய்!

"எந்த டார்க்ல டைட் பண்ணீங்க?" சொன்னேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் சொன்னேன். பதில் இல்லை.

"நம்ம ரோடு சரியில்ல சார்." ரோடு சரியில்லை என்றுதானே சஸ்பென்ஷன் வாங்குகிறோம்.

"கழட்டி அனுப்புங்க, செக் பண்றோம்." இடது முன் ஷாக்கை, பிரிக்காமல், என் செலவில் அனுப்பினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது மடத்தனம். வந்து சேர்ந்ததாகப் பார்சல் ஆபீஸில் சொன்னார்கள். அவன், "டெக்னீஷியன் லீவ்ல இருக்கார்" என்றான். அடுத்த வாரமும் டெக்னீஷியன் லீவ். அதற்கடுத்த நாள், "ஆயில் லீக் பார்சல்ல ஆனது சார், நாங்க பொறுப்பில்ல."

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்றேன். சிரித்தான். "தாராளமா போங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தெரியுமா? வண்டிய மாத்தினது நீங்க. கம்ப்ளைன்ட் குடுத்தா முதல்ல உங்க வண்டிதான் மாட்டும்." விற்கும்போது இந்தச் சட்டம் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கம்பெனி அமைப்பில் இருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான், அதைப் படிக்காமல் இறங்கியது என் தப்பு. ஆனால் கெட்டுப்போன சாமானைப் புதுசு என்று விற்றதை அது சரியாக்கிவிடாது.

அன்று மாலை அவன் புரொஃபைல் போட்டோ மறைந்துவிட்டது. பிளாக். பக்கம் மட்டும் ஜோராக நடக்கிறது. என் மச்சான் போனில் பார்த்தேன், முந்தாநாள்கூட ஒரு காயில் ஓவர் செட் போட்டு "சோல்ட் அவுட்" என்று எழுதியிருக்கிறான். அது யார் வீட்டு 86,500 என்று தெரியவில்லை.

மிச்சம் இருந்த வலது முன் ஷாக்கில் வளையத்தை இறக்கி, ஸ்ப்ரிங்கை எடுத்து, மாமா ராடை அழுத்தினார். போன ராடு போனதுதான். வரவே இல்லை. "மாப்ளே, இது ஷாக் இல்ல, சைக்கிள் பம்ப்பு" என்றார். கேஸ் இருக்கிற மோனோட்யூப்பை யாரும் வீட்டில் திறந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் அழுத்தத்தில் ஆளையே அடித்துவிடும். இதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் கை வைத்தார். ஒரு டீ கிளாஸ் கருப்பு ஆயில் வந்தது, அவ்வளவுதான். பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் வெல்டிங் தேய்த்த தடம், பழைய எழுத்தை அரம் போட்டு அழித்த இடம். இடது பக்கத்தை அனுப்புவதற்கு முன் மாமா வெர்னியரில் ராடை அளந்து வைத்திருந்தார். அது 20 மில்லிமீட்டர், இது 22. ஒரு ஜோடியே கிடையாது! எங்கேயோ விபத்தில் போன இரண்டு வண்டியின் இரண்டு ஷாக்கை எடுத்து, பெயின்ட் அடித்து, 86,500 வாங்கியிருக்கிறான்.

நம் ஊரைப் பற்றிப் பழைய கேலி ஒன்று உண்டே, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று. கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்பி வந்துவிட்டார். அந்தக் காலி இடத்தில் என் ஷாக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார், வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கை ஓடவில்லை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். ஸ்ப்ரிங் போட்டு அசெம்பிள் செய்த ஷாக்கை வாங்காதீர்கள். வாங்கினாலும் வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஸ்ப்ரிங்கை எடுத்து நாலையும் அழுத்திப் பாருங்கள், இரண்டைப் பார்த்துவிட்டு மீதியை நம்பாதீர்கள். புது பெயின்ட் வாசனை வந்தால் சுரண்டுங்கள். பணம் கேட்கிற பெயரும் பேசுகிற பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. கெட்ட சாமானைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பணம் போனது தெரிந்த உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், என்னை மாதிரி மூன்று வாரம் கழித்து இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் வரை வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமே கிடையாது. நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கழற்றிய பழைய ஷாக்கைக் காயலான் கடையில் 600 ரூபாய்க்குப் போட்டுவிட்டேன். போய்க் கேட்டால் லோடு ஏற்றி அனுப்பியாயிற்று என்கிறார். அதனால் ஒரு உதவி. காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை பக்கம் யாரிடமாவது இந்த வண்டியின் கம்பெனி முன் ஷாக் இரண்டு நல்ல நிலையில் இருந்தால் சொல்லுங்கள். பார்சல் வேண்டாம். மாமாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வருகிறேன், அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காசு.