கத்தகானாவோடு மூன்று வருடங்கள்

தோக்கியோவுக்கு வேலைக்கு வந்த புதிதில் ஜப்பானிய எழுத்து வகைகளில் ஒன்றான ஹிரகானா இரண்டே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. பிற மொழிகளிலிருந்து வந்த சொற்களை எழுதும் இன்னொரு வகையான கத்தகானா மாதக்கணக்கில் மனதில் தங்கவில்லை. இத்தனைக்கும் அதுவும் அதே 46 அடிப்படை எழுத்துகள்தான், ஒலிகளும் அவையேதான். ஃபோன் ஆப்பில் முழு மதிப்பெண் வாங்குவேன். உணவகத்தில் மெனுவை விரித்தால் ஒரு சொல்லும் கூடி வராது. நாலு விடையில் ஒன்றைத் தொடுவது வேறு, எழுத்துக்கூட்டிப் படிப்பது வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

ரொம்பப் படுத்தியவை ஷி, ட்சு, ன், ஸோ. கட்டம் போட்ட நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் பிடி கிடைத்தது. ஷியில் இரண்டு சின்னக் கோடுகளும் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். நீளக்கோடு கீழிருந்து மேலே ஏறும். ட்சுவில் அவை மேலே பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நீளக்கோடு மேலிருந்து இறங்கும். ஷியில் ஒரு சின்னக் கோட்டைக் குறைத்தால் ன் மாதிரி, ட்சுவில் குறைத்தால் ஸோ மாதிரி. தினமும் பத்து நிமிடம், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். ஒரு மாதத்தில் கை தானாகச் சரியான பக்கம் திரும்பியது.

அப்புறம் ரசீது. என் அனுபவத்தில் இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. கடையிலிருந்து வந்ததும் பையைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பேன்: தொமாத்தோ, பட்டா, யோகுருத்தோ. சரியா தப்பா என்று கையில் இருக்கும் பொருளே சொல்லிவிடும். கடலுக்கும் தங்கத்துக்கும் நமக்கு ஒரே ‘க’ போதும். இங்கே தங்கத்தின் ‘க’வுக்கு வலது மேல் மூலையில் இரண்டு சிறு கீற்றுகள் வேண்டும். சில ரசீதுகளில் எழுத்தைக் குறுக்கி அச்சடிப்பதால் அந்தக் கீற்றுகள் தனி எழுத்துப் போல விலகி நிற்கும். முதலில் குழம்பத்தான் செய்யும்.

நெடிலுக்கு ஒரு கோடு. பீரு என்றால் பியர், பிரு என்றால் கட்டடம். குறில் நெடில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது சுலபம். மேலிருந்து கீழாக எழுதும்போது அந்தக் கோடும் நிமிர்ந்து நிற்கும், அதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஆங்கிலமாக நினைத்து ஊகிக்காதீர்கள். ரொட்டிக்கான பான் போர்ச்சுகீசியம். பகுதிநேர வேலைக்கான அருபைத்தோ ஜெர்மன். எனக்கு இன்னும் தடுமாற்றம் நாட்டுப் பெயர்களில்தான். இப்போது தினமும் உலகச் செய்திகளில் அவற்றை மட்டும் தேடிப் படிக்கிறேன். தொய்ட்சு ஜெர்மனி, ஒரண்டா நெதர்லாந்து, இகிரிசு பிரிட்டன்.