மூன்று கோடை தாண்டிய பேட்டரி கார்: மதுரை விடுதிக்காரர்களுக்கு

விடுதி வாசலில் பேட்டரி கார் நின்றால் எல்லோரும் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்பதைத்தான். மதுரையில் அந்தக் கேள்விக்குப் பெரிய வேலை இல்லை. ரயில்வே ஜங்ஷனிலிருந்து மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரம் சுமார் ஒரு கிலோமீட்டர். டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி விடுதிகளுக்கு அதைவிடக் குறைவு. விடாமல் ஓட்டினாலும் ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் தாண்டுவது கஷ்டம். தூரம் ஓடிச் செத்த பேட்டரி இந்த ஊரில் அபூர்வம். மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே சார்ஜ் போட்டுச் செத்தவைதான் அதிகம்.

இதற்குக் கோயில் நேரமும் ஒரு காரணம். நடை காலை 5 மணிக்குத் திறந்து 12.30-க்குச் சாத்தும், மறுபடி 4 மணிக்குத்தான் திறப்பு. இடையில் மூன்றரை மணி நேரம் வண்டி சும்மா நிற்கிறதே என்று யாராவது பிளக்கைச் சொருகிவிடுவார்கள். தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரிக்கு, அதாவது லெட்-ஆசிட் பேட்டரிக்கு, இதைவிடக் கெடுதல் வேறில்லை. காலை முழுக்க ஓடிய சூடு, சித்திரை வைகாசி வெயில், சார்ஜ் ஏறும்போது வரும் சூடு, மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் பழைய கணக்கு.

அந்த மத்தியான சார்ஜ் தேவையும் இல்லை. வழக்கமான 48 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் பேட்டரி 8 இருக்கும். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 150 ஆம்பியர்-அவர் என்றால், 48 வோல்ட்டால் பெருக்க மொத்தம் 7.2 யூனிட். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் கைக்கு வருவது 3.6 யூனிட். ஆறு பேர் ஏறிய வண்டி சமதளத்தில் கிலோமீட்டருக்கு 80 முதல் 100 வாட்-அவர் (1000 வாட்-அவர் ஒரு யூனிட்) தின்னும். அப்படியானால் 36-லிருந்து 45 கிலோமீட்டர். ஒரு நாள் பாட்டுக்குத் தாராளம். பள்ளியறை பூஜை முடிந்து வரும் கடைசி டிரிப்பை இறக்கிவிட்டு, இரவு 10.30-க்குச் சொருகினால் 25 ஆம்பியர் சார்ஜர் விடியற்காலை 4.30 வாக்கில் முடித்துவிடும். 5 மணி தரிசனத்துக்கு வண்டி தயார்.

தண்ணீர் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு பேட்டரிக்குள் 3 அறை, அதாவது 3 செல்; எட்டுக்கும் சேர்த்து 24 செல், 24 மூடி. சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு தடவை, மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். ஊற்றுவது சார்ஜ் முடிந்த பிறகு. சார்ஜுக்கு முன் நிரப்பினால் ஆசிட் விரிந்து மூடி வழியே வெளியே வரும்; பேட்டரி உட்கார்ந்திருக்கும் இரும்புத் தட்டு பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்து அரித்துக்கொண்டே போகும். செல்லுக்குள் இருக்கும் ஈயத் தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றிப் போயிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் வரை கொஞ்சம் விட்டுச் சார்ஜ் போட்டு, முடிந்தபின் மீதியை ஊற்றலாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீர் கூடவே கூடாது. கேன் தண்ணீரும் குடிக்கத்தான். டிஸ்டில்டு தீர்ந்ததும் ரிசப்ஷன் கேனிலிருந்து பிடித்து ஊற்றும் பழக்கம் ஊரெல்லாம் உண்டு. உடனே எதுவும் தெரியாது, அதனாலேயே அந்தப் பழக்கம் போவதில்லை.

மாதம் ஒரு முறை, ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்து 24 செல்லையும் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மற்றவற்றைவிட ஒன்றின் அளவு 0.050 குறைந்தால் அந்த செல் போய்க்கொண்டிருக்கிறது. எட்டும் வரிசையில் இருப்பதால் நோஞ்சான் ஒன்று மற்ற ஏழையும் இழுத்து உட்கார வைக்கும்.

அடுத்தது, பேட்டரி முனையில் கேபிளை இறுக்கும் டெர்மினல் நட்டு. சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மோட்டார் 30 ஆம்பியர் வாங்கும். ஏற்றத்தில் அது 120-ஐத் தாண்டும். ஒரு நட்டு தளர்ந்து 0.01 ஓம் தடை வந்தாலே 120 ஆம்பியரில் 144 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் உட்காரும். ஈயத் தூண் மெழுகாய் உருகிச் சரிந்து, கேபிள் உறை கருகியிருக்கும். டிரைவரோ "பிக்கப் இல்லை சார்" என்று மட்டும் சொல்வார். ஏற்றம் ஏறி வந்ததும் சீட்டைத் தூக்கி, புறங்கையை ஒவ்வொரு இணைப்பின் அருகேயும் கொண்டுபோனால் போதும். சூடாக இருப்பதுதான் குற்றவாளி. சோடா உப்புக் கரைசலால் கழுவி, காயவைத்து, முறுக்கி, வாசலின் தடவ வேண்டும். கையில் மோதிரம், வாட்ச் கூடாது.

லித்தியத்துக்கு மாறலாமா? ஊருக்குள் ஓடும் வண்டிக்கு மாறலாம் என்பதே எங்கள் தீர்ப்பு. 200 கிலோவுக்கு மேல் இருந்த பேட்டரி எடை கால்வாசிக்கு இறங்கும், தண்ணீர் வேலை ஒழியும், மத்தியானம் நிழலில் ஒரு மணி நேரம் போட்டு எடுத்தாலும் பாதகமில்லை. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு 58.4 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர் தனியாக வேண்டும். பழைய சார்ஜர் ஆகாது. பழைய டேஷ்போர்டு மீட்டரும் ஆகாது. அது வோல்டேஜைப் பார்த்துக் கோடு காட்டுவது. லித்தியத்தில் வோல்டேஜ் கடைசிவரை அசையாமல் இருந்துவிட்டுச் சட்டென்று விழும். மீட்டர் முக்கால் காட்டிக்கொண்டிருக்கும்போதே மாசி வீதி நடுவில் வண்டி நின்றுவிடும். போகும் வரும் கரன்ட்டை அளந்து கணக்கு வைக்கும், ஷன்ட் வைத்த மீட்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பசுமலை போல மேட்டில் இருக்கும் விடுதிக்குத் தனிக் கணக்கு. ரீஜெனரேட்டிவ் பிரேக் (இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து, அந்த மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்புவது) உள்ள வண்டியை மேலே நிறுத்தி 100 சதவீதம் ஏற்றி, காலையில் முதல் டிரிப்பை இறக்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு பேட்டரியில் இடமிருக்காது. பாதுகாப்பு சர்க்யூட் துண்டித்துவிடும், இறக்கத்தின் நடுவில் மோட்டார் பிடிமானம் போய்விடும். டிரைவர் பதறுவது அப்போதுதான். மேலே சார்ஜ் போட்டால் 90 சதவீதத்தோடு நிறுத்துங்கள். பின்பக்கம் பார்த்த சீட்டில் வயதானவர்களை உட்கார வைக்காதீர்கள்; ஏற்றத்தில் அவர்கள் வெளிப்பக்கம் சரிவார்கள்.

ரோட்டில் ஓட்டுவதா, காம்பவுண்டுக்குள்ளா என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பதிவெண் இல்லாத கோல்ஃப் கார் வகை வளாகத்துக்குள் மட்டும்தான். ரோட்டுக்கென்றால் பதிவு செய்த வண்டி, பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. இ-ரிக்‌ஷா என்றால் 4 பயணி, 40 கிலோ பெட்டி, 25 கிலோமீட்டர் வேகம். பேட்டரி வண்டிகளுக்கு 2018 முதல் பெர்மிட் வேண்டாம். இன்சூரன்சும் எஃப்சியும் (தகுதிச் சான்று) லைசென்சும் வேண்டும்.

கழுவும்போது சீட்டுக்கு அடியில் பிரஷர் பம்ப் அடிக்க வேண்டாம், மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலர் போய்விடும். எலி கடித்த ஒயரும் அடிக்கடி வரும் கோளாறு.

கோயிலுக்குக் கூட்டிப்போவதில் வரும் சிக்கல் வண்டியைச் சேர்ந்ததல்ல. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனம் கிடையாது. அதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். 2018 முதல் கோயிலுக்குள் செல்போனும் கிடையாது. "முடிந்ததும் கூப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் அவர்களால் கூப்பிட முடியாது. வெளியூர்க்காரர்களுக்கு நான்கு கோபுரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேற்கில் நுழைந்தவர் தெற்கில் வந்து நிற்பார். எளிய வழி, "செருப்பு விட்ட வாசலுக்கே வாருங்கள்" என்று சொல்லிவிடுவது. செருப்பைத் தேடியாவது வருவார்கள். கூடவே, திரும்பும் வண்டியின் நேரமும் இறங்கிய இடமும் எழுதிய சிறு சீட்டு ஒன்று கையில்.

சித்திரைத் தேரோட்டத்தன்று நான்கு மாசி வீதியும் தேருக்குத்தான், அந்தப் பக்கம் வண்டியை எடுக்கவே வேண்டாம். லெட்-ஆசிட் வண்டியாக இருந்தால் அன்று ராத்திரி, ஷெட் கதவைத் திறந்து வைத்து, எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரக் கூடுதலாகப் போடும் ஈக்வலைசிங் சார்ஜைப் போட்டு முடித்துவிடலாம்.