சிம்ப்ளெக்ஸா, போக்குவரத்து அட்டவணையா?

3 கிடங்குகள், 4 சந்தைகள். எங்கிருந்து எங்கே எவ்வளவு அனுப்பினால் செலவு மிகக் குறையும்? இதை எல்லா நேர்கோட்டுக் கணக்குகளுக்கும் பொதுவான, விடையைப் படிப்படியாக மேம்படுத்தும் சிம்ப்ளெக்ஸ் முறையிலும் போடலாம், போக்குவரத்துக் கணக்குக்கென்றே உள்ள அட்டவணை முறையிலும் போடலாம். குறைந்தபட்சச் செலவு ஒன்றுதான், உழைப்புதான் வேறு.

சிம்ப்ளெக்ஸில் கிடங்கு-சந்தை இணைக்கு ஒன்றாக 12 மாறிகள், கிடங்கின் இருப்புக்கும் சந்தையின் தேவைக்கும் ஒவ்வொன்றாக 7 கட்டுப்பாடுகள். கையால் போட்டால் தாள்கள் தீர்ந்துபோகும். மொத்த இருப்பும் மொத்தத் தேவையும் சமமென்றால் அந்த 7-இல் ஒன்று மிகை. அதனால் அட்டவணையில் 6 கட்டங்களை நிரப்பினாலே தொடக்க விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் மிகக் குறைந்த இரு செலவுகளின் வித்தியாசத்தைப் பார்த்து நிரப்பும் வோகல் முறையில் தொடங்கினால் பெரும்பாலும் உகந்த விடைக்குப் பக்கத்திலேயே நிற்போம். இடது மேல் மூலையிலிருந்து நிரப்பிக்கொண்டே போகும் வடமேற்கு மூலை முறை செலவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதைப் பாடத்தோடு விட்டுவிடலாம்.

அதன்பின் தொடக்க விடையை உகந்ததாக்க வெறும் கூட்டலும் கழித்தலும்தான். இருப்பும் தேவையும் முழு எண்களானால் விடையும் முழு எண்ணாகவே வரும். அரை லாரி, கால் மூட்டை என்ற தொல்லை இல்லை. நிரம்பிய கட்டங்கள் 6-க்குக் குறைந்தால் மட்டும் ஒரு கட்டத்தில் பெயருக்குச் சிறு அளவை வைக்க வேண்டும். மாணவர்கள் வழுக்குவது இங்கேதான்.

எதை எவ்வளவு கலப்பது என்று கேட்கும் கலவைக் கணக்கு வந்தால் அட்டவணை கைவிரித்துவிடும். 0.5% கந்தகமுள்ள எண்ணெய் 'அ', 2% உள்ளது 'ஆ'. கலவையில் 1%-ஐத் தாண்டக்கூடாது. விகிதமாகத் தெரிந்தாலும், அ, ஆ இரண்டையும் கலக்கும் அளவுகளாகக் கொண்டு 0.5அ + 2ஆ ≤ அ + ஆ என்று எழுதிச் சுருக்கினால் ஆ ≤ 0.5அ என்ற நேர்கோட்டுக் கட்டுப்பாடுதான். இப்படிப்பட்டவற்றை சிம்ப்ளெக்ஸ் தயங்காமல் ஏற்கும்.

தேர்வு அறையில் நான் அட்டவணையைத்தான் எடுப்பேன். கணினி முன்னால் என்றால் பொதுத் தீர்வி, அதாவது சிம்ப்ளெக்ஸ் போன்ற பொது முறையில் விடை காணும் மென்பொருள். போக்குவரத்தும் கலவையும் பின்னிய கணக்குக்கு வேறு போக்கில்லை.