பாசலா, லண்டனா? பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு

உலகத்தின் பெரிய கலைச் சந்தை ஒன்றுக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் எதற்குப் போவது? ஜூனில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடக்கும் ஆர்ட் பாசலுக்கா, அக்டோபரில் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் நடக்கும் ஃப்ரீஸுக்கா? ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்க்க வழியில்லை. மாதமும் வேறு, இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு விசாவும் வேறு.

நான் பாசல் பக்கம். முதல் காரணம் 'அன்லிமிடெட்'. கேலரி ஸ்டாலுக்குள் அடங்காத படைப்புகளுக்காக 2000-இல் தொடங்கிய பகுதி இது. ஸ்டால்களில் சுவரைப் பார்த்தபடி நகர்ந்துகொண்டே இருப்போம். இங்கே ஒரே படைப்பு ஒரு வீட்டளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். உள்ளே நுழைய வேண்டும், சுற்றி வர வேண்டும், சில நேரம் இருட்டறையில் உட்கார்ந்து கண் பழகும்வரை காத்திருக்க வேண்டும். இதுவும் விற்பனைக்கு வைத்ததுதான், ஆனால் எதிரே நிற்கும்போது விலை ஞாபகமே வராது. அரை நாளை இதற்கே ஒதுக்குங்கள், அதுவும் கால் வலிக்கத் தொடங்கும் முன், காலையிலேயே. மற்ற கூடங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட கேலரிகள் இருக்கும். அத்தனையையும் முடிக்க நினைத்தால் மத்தியானத்துக்கு மேல் எதுவும் மனசில் ஒட்டாது.

இரண்டாவது காரணம் அந்த ஊர்க்காரர்கள். அங்கிருந்த இரண்டு பிக்காசோ ஓவியங்கள் 1967-இல் விற்பனைக்கு வந்தன. அவை ஊரை விட்டுப் போகக் கூடாது என்று, பொதுப்பணத்தில் 60 லட்சம் பிராங்க் கொடுக்க மக்களே ஓட்டுப் போட்டார்கள். நெகிழ்ந்துபோன பிக்காசோ மேலும் நான்கு படைப்புகளைச் சும்மாவே கொடுத்தார். இதற்காகவே அவை இருக்கும் குன்ஸ்ட்மியூசியத்துக்கு, அதாவது பாசலின் கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1970-இல் இந்தச் சந்தையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் பெயலர் உருவாக்கிய அருங்காட்சியகம், டிராமில் போகும் தூரத்தில், ரீஹனில் இருக்கிறது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே அல்லிக்குளம். ஓவியம் பார்த்துக் களைத்த கண்ணுக்கு அதுவே போதும்.

சரி, லண்டன்? பணக் கணக்கில் அது நிச்சயம் மேல். சந்தை வாரத்தில் பாசலில் அறை வாடகை எகிறிவிடும். எல்லை தாண்டி பிரான்ஸின் முல்ஹவுஸில் தங்கி ரயிலில் வந்து போகிறவர்கள் உண்டு. லண்டனில் தங்க இடம் ஏராளம், சொந்தக்காரர் வீடுகூட இருக்கலாம். டேட் மாடர்ன் என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பைக் காசில்லாமல் பார்க்கலாம். பூங்காவில் வைக்கும் ஃப்ரீஸ் சிற்பங்களுக்கும் டிக்கெட் கிடையாது.

2003-இல் தொடங்கிய ஃப்ரீஸின் பிரதானக் கூடாரத்தைவிட, பூங்காவின் மறுகோடியில் 2012 முதல் நடக்கும் 'ஃப்ரீஸ் மாஸ்டர்ஸ்' எனக்கு உசத்தி. பழங்காலச் சிலையைப் பார்த்துத் திரும்பினால் பக்கத்து ஸ்டாலில் 1960-களின் ஓவியம் இருக்கும். ஒரு டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மாஸ்டர்ஸுக்கு வாங்குங்கள்.

இரண்டு ஊரிலும் முதல் நாட்கள் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும். பொது நாட்களைப் பார்த்து விமான டிக்கெட் போடுங்கள். ஸ்டாலில் பெரும்பாலும் விலை எழுதியிருக்காது. வாங்குகிற எண்ணம் இல்லாவிட்டாலும் தயங்காமல் கேளுங்கள், படைப்பைப் பற்றியும் சேர்த்துச் சொல்வார்கள்.