மூன்றாவது கியரில் ஒரு சில்வியா: டிரிஃப்டுக்காக மட்டும் ஃபோர்சா ஹொரைசன் 5

கார் ஓட்டும் கேமான ஃபோர்சா ஹொரைசன் 5 வெளியானது 2021 நவம்பரில், நான் வாங்கியது ரொம்பத் தாமதமாக, அதுவும் டிரிஃப்ட் ஓட்ட மட்டும், அதாவது பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு வளைவைக் கடக்க. அதனால் இதை முழு விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்சிகோ முழுக்கச் சுற்றலாம், 500-க்கும் மேற்பட்ட கார்கள், ரேஸ், திருவிழா எல்லாம் இருக்கிறது, அதையெல்லாம் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரே காரை வைத்துக்கொண்டு இரண்டு மாதம், காரின் பாகங்களை எண் எண்ணாகத் திருத்தும் ட்யூனிங் மெனுவில் குடியிருந்தவன். அந்த மெனுவுக்காகவே இந்த கேமுக்குக் கொடுத்த காசு தகும் என்பது என் கருத்து.

முதலில் ஒன்று. கேம் 100 ஜிபிக்கு மேல். பாம்பனுக்குப் பக்கத்தில் மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு நெட்டில் ஐந்து ராத்திரி ஓடவிட்டு இறக்கினேன், நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. கடற்கரை ஊர்க்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிஃப்ட் கார் என்றதும் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். 900 குதிரைத்திறன் வரும்படி எஞ்சினை மாற்றி, வேறு ஒருவர் போட்டு வைத்திருந்த ட்யூனை அதன் ஒன்பது இலக்க எண்ணை அடித்து இறக்கி ஓட்டினேன். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் பின்சக்கரம் புகை கக்கியது, கார் பம்பரமாகச் சுற்றியது, அவ்வளவுதான். ஏன் சுற்றுகிறது என்று பார்க்கவும் வழியில்லை, இறக்கிய ட்யூன் பூட்டியே இருக்கும், உள்ளே என்ன எண்கள் போட்டிருக்கிறார்கள் என்று திறந்து பார்க்க முடியாது. அங்கேதான் முடிவு செய்தேன், நாமே ஒன்று ஒன்றாகக் கட்டிப் பார்ப்போம் என்று.

எடுத்த கார் 2000-ஆம் வருட நிசான் சில்வியா ஸ்பெக்-ஆர், எஸ்15 என்பார்கள். கம்பெனியிலிருந்து வரும்போது கிட்டத்தட்ட 250 குதிரைத்திறன், இரண்டு லிட்டர் டர்போ, எஞ்சின் முன்னால், பின்சக்கர ஓட்டம். நான் அதை 400 வரைக்கும்தான் ஏற்றினேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வது இதைத்தான். பவர் குறைவாக இருந்தால் தவறு மெதுவாக நடக்கும், வால் எப்போது கிளம்புகிறது, எப்போது நம் கையை மீறுகிறது என்பது தெரியும். 900-ல் அந்த இடைவெளியே கிடையாது.

அப்கிரேடில் காசைக் கொட்ட வேண்டிய இடம் எஞ்சின் இல்லை. டிரிஃப்ட் சஸ்பென்ஷன் போட்டால் முன்சக்கரம் இன்னும் அதிகமாகத் திரும்பும், கேம்பர் (சக்கரம் உள்ளே, வெளியே சாயும் அளவு), டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு), காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) எல்லாம் மாற்றவும் வழி திறக்கும். இரண்டு பின்சக்கரத்துக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை மாற்றினால்தான் அதன் பூட்டை நாம் முடிவு செய்யலாம். சாதாரணமாக வளைவில் வெளிச்சக்கரமும் உள்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், பவர் எது லேசாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடிவிடும். அதைப் பூட்டினால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகவே சுற்றும், ஒன்றாகவே வழுக்கும். நான் ஆக்சிலரேஷன் (ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது), டிசெலரேஷன் (விடும்போது) என்ற இரண்டு பூட்டையும் நூறு சதவீதத்தில் வைத்தேன், அதற்கு அப்புறம் தொடவே இல்லை.

சரி, இப்போது கியர். என் இரண்டு மாதத்தில் பாதி இங்கேதான் போனது. எரிமலை உச்சியிலிருந்து கீழே இறங்கும் ஒரு கொண்டை ஊசிப் பாதை இருக்கிறது, அங்கேதான் தினமும் ஓட்டுவேன். இரண்டாவது கியரில் வளைவுக்குள் போனால் பாதியிலேயே எஞ்சின் உச்சத்தில் முட்டித் 'தடதட' என்று அடிக்கும், மூன்றாவதுக்கு மாற்றினால் சத்தம் சட்டென்று இறங்கி டயர் தரையைப் பிடித்து கார் நேராகிவிடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோளாறு கையில் இல்லை. எல்லா கியரையும் ஒன்றாக மாற்றும் ஃபைனல் டிரைவ் எண்ணை கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன், ஒவ்வொரு தடவையும் பத்துப் பாயிண்ட்தான், அதாவது 3.60 என்றால் 3.70, ஓட்டிப் பார்ப்பது, மறுபடியும் மெனு. 4.10 பக்கம் வந்தபோது மூன்றாவது கியர் ஒன்றே மேலிருந்து கீழ் வரை போதும் என்று ஆகிவிட்டது. கார் ஓடுவது 90 கிலோமீட்டர் வேகத்தில், பின்சக்கரம் சுற்றுவது 140-க்கு மேல், எஞ்சின் சத்தம் உச்சத்துக்குச் சற்றுக் கீழே ஒரே சீராக நிற்கிறது, ஆக்சிலரேட்டரை ஒரு நூல் விட்டால் மூக்கு உள்ளே வருகிறது, ஒரு நூல் அழுத்தினால் வால் வெளியே போகிறது. அந்தச் சத்தத்தை முதல்முறை பிடித்த ராத்திரி மணி இரண்டரை இருக்கும், எழுந்து வீட்டுக்குள் நடந்தேன், உட்கார முடியவில்லை.

முன்சக்கரத்துக்கு வருவோம். காஸ்டர் 7, கேம்பர் மைனஸ் 4.5-க்குப் பக்கம். இவ்வளவு கேம்பர் எதற்கு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் ஒடித்து வைத்திருக்கும்போது காஸ்டர் காரணமாக வெளிச்சக்கரம் மறுபக்கம் சாய்ந்துகொள்கிறது, முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் டயர் தரையில் முழுசாகப் படியும். இதைக் காட்டவே டெலிமெட்ரி என்று ஒரு திரை இருக்கிறது, ஓட்டும்போதே ஒவ்வொரு டயரின் சூடும் சாய்வும் தெரியும். இதைப் பெரும்பாலானவர்கள் திறப்பதே இல்லை, திறந்து பாருங்கள், பாதி யூடியூப் வீடியோ தேவைப்படாது. டேம்பிங், ஆன்ட்டி ரோல் பார் என்று மெனுவில் மீதி இருப்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ட்யூன் சரியான பிறகும் ஒரு விஷயம் வரவில்லை. இடது வளைவிலிருந்து வலது வளைவுக்குப் புரட்டும்போது ஒவ்வொரு முறையும் தடுமாறினேன். அதைச் சரிசெய்தது என் அண்ணன். அவர் விசைப்படகில் போகிறவர், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டில்தான், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் சொன்னார், "நீ காரோட மூக்கையேதானடா பாத்துக்கிட்டு இருக்க. பாலத்துக்குக் கீழ அப்பா வல்லத்த எப்படி விடுவாரு, அணியத்தப் பாத்தா விடுவாரு?"

பாம்பன் பாலத்துக்கு அடியில் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே நீரோட்டம் இழுக்கும் இழுப்பு எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். வல்லத்தின் அணியம், அதாவது படகின் முன்முனை, ஒரு பக்கம் பார்த்திருக்கும், வல்லம் வேறு பக்கம் போகும், அப்பா கண் மட்டும் தூண்களுக்கு நடுவே போக வேண்டிய இடத்தில் இருக்கும். சுக்கானைக் கை தானாகப் பார்த்துக்கொள்ளும். அன்றைக்கே காருக்குப் பின்னால் இருந்த கேமராவை மாற்றி பானெட் கேமரா வைத்தேன், கண்ணை அடுத்த வளைவு முடியும் இடத்தில் வைத்தேன். நாலு நாளில் புரட்டுவது வந்துவிட்டது. அண்ணனும் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார், ஸ்டீயரிங்கில் என்னைவிட நிதானம் அவருக்கு.

கன்ட்ரோலர் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பழையது வாங்கினேன். கார் நேர் ரோட்டிலும் இடது பக்கமே இழுத்தது, ட்யூன்தான் தப்பு என்று மூன்று நாள் டோவை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் பார்த்தால் இடது ஸ்டிக் நடுவில் நிற்பதே இல்லை. கேமின் கன்ட்ரோல் அமைப்பில் ஸ்டீயரிங் டெட்ஸோன் என்று ஒன்று உண்டு, ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் அளவு அது, அதைக் கொஞ்சம் ஏற்றியதும் சரியானது. உப்புக்காற்றில் இந்த மாதிரிப் பொருள்கள் சீக்கிரம் போகும், ஓட்டி முடித்ததும் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

ஸ்டீயரிங் வீல் வைத்திருப்பவர்களா, உங்களுக்கு நான் அசெட்டோ கோர்சாவைத்தான் சொல்வேன். 2014-ல் இத்தாலிக்காரர்கள் செய்தது, வீலின் வழியே டயரின் பிடி கைக்கு வரும் விதம் அதில் வேறு தரம். ஃபோர்சா கன்ட்ரோலருக்காகவே செய்தது போல இருக்கிறது, கன்ட்ரோலரில் ஓட்டும்போது அது ஒரு குறையே இல்லை. கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்றால் கார்எக்ஸ் டிரிஃப்ட் ரேசிங் 2 இலவசம், அதிலும் சஸ்பென்ஷன், டயர் அழுத்தம் எல்லாம் மாற்றலாம், கியரும் கேம்பரும் என்ன செய்யும் என்று அதிலேயே பழகிக்கொள்ளலாம்.

தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் கார் லேசாக வழுக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு வால் கிளம்பும் கணம் உடம்பிலேயே தெரிகிறது. அங்கே நான் செய்வது காலை எடுத்துவிட்டு மெதுவாகப் போவதுதான், யாத்திரை வண்டிகளும் ஆட்களும் நடமாடும் ரோடு அது.

தொடங்குகிறவர்களுக்கு என் சில்வியாவின் எண்கள்: முன்டயர் அழுத்தம் 28 பிஎஸ்ஐ, பின்டயர் 32, காஸ்டர் 7, முன் கேம்பர் மைனஸ் 4.5, பின் கேம்பர் மைனஸ் 1, டிஃபரென்ஷியல் இரண்டும் 100. கார் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டையும் அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கை சிமுலேஷனில் வையுங்கள், கியர் மேனுவல். ஃபைனல் டிரைவ் எண்ணை மட்டும் என்னுடையதை அப்படியே போடாதீர்கள், உங்கள் எஞ்சினுக்கு அது மாறும், எரிமலைக்குப் போய் மூன்றாவது கியரின் சத்தத்தைக் கேட்டு நீங்களே பிடியுங்கள்.