நெபோஷ் சினாரியோ வினாக்கள்: பாடத்திலிருந்து எழுதுவதா, சினாரியோவிலிருந்து எழுதுவதா?

மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தப் பணியில் இருந்துகொண்டே, வளைகுடாவில் சேஃப்டி ஆபீசர் வேலைக்காக, பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் தேர்வு அமைப்பான நெபோஷின் பன்னாட்டுப் பொதுச் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் தடுமாறுவது ஐஜி1 என்ற எழுத்துத் தாளில். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்ற முறை 2020இல் வந்தபோது பலரும் தேர்வு எளிதாகிவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் பாடம் எல்லோர் கையிலும் இருக்கும்போது அதைத் திருப்பி எழுதுவதற்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. ஒரு கற்பனை நிறுவனத்தைப் பற்றிய நீண்ட விவரத்தை, அதாவது சினாரியோவை, கொடுத்து, படித்தது அங்கே எப்படிப் பொருந்துகிறது என்றே கேட்கிறார்கள். தேர்ச்சிக்கு 100க்கு 45 போதும் என்றாலும், அந்த 45ஐ எட்டாமல் மறுபடி பணம் கட்டுகிறவர்கள் குறைவில்லை.

விடை எழுதுவதில் இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. தலைப்புக்குரிய பாடக் கருத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சினாரியோவில் சான்று தேடுவது ஒன்று. சினாரியோவை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு செய்தியும் எந்தப் பாடக் கருத்தைக் காட்டுகிறது என்று கேட்டுக்கொண்டே போவது மற்றொன்று.

இரண்டையும் ஒரே வினாவில் வைத்துப் பார்க்கலாம். காசிமேட்டில் ஓர் ஐஸ் ஃபேக்டரி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். கம்ப்ரஸர் அறையில் இரண்டு நாளாக அம்மோனியா நெடி அடிக்கிறது. புதிதாகச் சேர்ந்த தொழிலாளி அதைச் சொன்னதும் மேஸ்திரி, “இந்த வாடை இங்க எப்பவும் இருக்கிறதுதாம்பா, நீ போய் லோடு ஏத்து” என்கிறார். முகமூடிகள் மேலாளர் அறை பீரோவில் இருக்கின்றன. சாவி அவரிடம், அவர் இரவு ஷிஃப்ட்டுக்கு வருவதில்லை. படகுகள் கிளம்புவதற்குள் ஐஸ் ஏற்றியாக வேண்டும் என்பதால், கிரஷரின் பெல்ட் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறார்கள். வாசலில் பாதுகாப்பு வாசகம் எழுதிய பலகை பளிச்சென்று இருக்கிறது. வினா இதுதான்: இங்கே பாதுகாப்புக் கலாசாரம் பலவீனமாக இருப்பதைக் காட்டும் அறிகுறிகள் யாவை? சினாரியோவை மட்டுமே ஆதாரமாகக் கொள்ள வேண்டும், 10 மதிப்பெண்.

பாடத்திலிருந்து தொடங்குகிறவர் நிர்வாக ஈடுபாடு இல்லை, தகவல் தொடர்பு சரியில்லை, விபத்துகள் அதிகம், விடுப்பு எடுப்பவர்கள் அதிகம் என்று எழுதிவிடுவார். விபத்து எண்ணிக்கையோ விடுப்புக் கணக்கோ சினாரியோவில் எங்கும் இல்லை என்பதால் கடைசி இரண்டும் வீண். முதல் இரண்டும் சான்று இல்லாமல் நின்றால் வெறும் தலைப்புகள். சினாரியோவிலிருந்து தொடங்குகிறவரோ மேஸ்திரியின் பதில் ஒன்றிலேயே மூன்று குறிப்புகளை எடுத்துவிடுவார்: ஆபத்தைப் பற்றிச் சொன்னவரை அலட்சியப்படுத்துகிறார்கள், நச்சு வாயுக் கசிவை இயல்பாக ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டார்கள், மேற்பார்வையாளரே உற்பத்தியை முன்னால் வைக்கிறார். பூட்டிய பீரோவிலிருந்து, கருவி வாங்கியும் பயனில்லாத நிலையும், இரவு ஷிஃப்ட்டில் பொறுப்பான அதிகாரி இல்லாத நிலையும் கிடைக்கும். பலகைக்கும் கழற்றிய மூடிக்கும் உள்ள முரண்பாடு இன்னொரு குறிப்பு. பொதுவாகக் குறிப்புக்கு ஒரு மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் எவ்வளவு என்பது தெரியும்.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. “கிரஷரின் மூடி கழற்றப்பட்டிருந்தது” என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது சினாரியோவை நகலெடுப்பதாகவே முடியும். அவசரத்துக்காக விதிமீறலை எல்லோரும் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்ற பாதியையும் சேர்த்தால்தான் விடை முழுமையாகும். நம் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு சபலமும் உண்டு. அம்மோனியா என்ற சொல்லைக் கண்டதும், 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து கசிந்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறிய நிகழ்வு நினைவுக்கு வந்து, கை தானாக அதை எழுதப் போகும். அனுபவம் உண்மையானதாக இருந்தாலும் சினாரியோவில் இல்லாததால் அதற்கு மதிப்பெண் விழாது. தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு எண்களை அடுக்குவதும் இப்படித்தான்.

ஆனால் சினாரியோவிலிருந்து தொடங்குவது எல்லா வினாவுக்கும் சிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா ஆபத்தைக் கட்டுப்படுத்த என்ன செய்யலாம் என்று கேட்டு, சினாரியோவைப் பொருந்தும் இடத்தில் பயன்படுத்தினால் போதும் என்று வினாவின் கீழ்க்குறிப்பு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சினாரியோவில் முகமூடி மட்டுமே வருவதால், அதையே பிடித்துக்கொண்டிருப்பவர் முகமூடியிலேயே நின்றுவிடுவார். பணியிடப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001 சொல்லும் ஆபத்துக் கட்டுப்பாட்டின் ஐந்து படிகளை வரிசையாக எழுதிக்கொண்டவருக்கோ, ஆபத்தை அடியோடு நீக்குதல், மாற்றுப் பொருள், பொறியியல் கட்டுப்பாடு, நிர்வாக ஏற்பாடு ஆகிய நான்கையும் பார்த்த பிறகே தனிநபர் காப்புக் கருவி வரும். வாயு உணர்வி, காற்றோட்டம், வால்வு பராமரிப்பு ஆகியவை அந்த வரிசையால்தான் நினைவுக்கு வரும். உடனடி ஆபத்தைக் கண்டு பணியிடத்தை விட்டு விலகும் தொழிலாளியைப் பாதுகாக்கும் 1981ஆம் ஆண்டு ஐஎல்ஓ (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) 155ஆவது உடன்படிக்கையும் அப்படித்தான். பாடம் தெரியாதவர் அதைச் சினாரியோவில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ஆகவே வழியைத் தீர்மானிக்க வேண்டியது வினாவின் கீழுள்ள குறிப்பு. அந்த ஒற்றை வரியைப் படிக்காமலேயே எழுதத் தொடங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் எல்லா வினாவுக்கும் பாடத்தைக் கொட்டுகிறார்கள்.

நேரத்தைப் பார்த்தால் பாடவழி விரைவானது. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து உட்கார்கிறவருக்குச் சினாரியோவை மூன்று தடவை படிப்பது பாரம்தான். பயிற்சி மையக் குறிப்புகளிலிருந்து வெட்டி ஒட்டும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு பத்துப் பேர் எழுதினால் பத்து விடைத்தாள்களும் ஒன்றுபோல் இருக்கும். நகலையும் கூட்டாக எழுதியதையும் நெபோஷ் சோதிக்கிறது. இந்தத் திறந்த புத்தக முறையில், எழுதியவர் அவர்தானா என்று சரிபார்க்கத் தேர்வுக்குப் பின் நேர்காணலும் வைத்தார்கள். அங்கே மேஸ்திரியின் பதிலிலிருந்து தானே குறிப்பு எடுத்தவர் தயங்காமல் விளக்குவார். ஒட்டி எழுதியவர் தன் விடையில் இருக்கும் சொல்லுக்கே பொருள் சொல்ல முடியாமல் விழிப்பார்.