அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து டேக்வாண்டோ போகிறவர்கள் கவனத்துக்கு

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் 'ஃபேமிலி பேட்ச்' நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். பிள்ளையை விட்டுவிட்டு வாசலில் போனை நோண்டிக்கொண்டு உட்காராமல் நீங்களும் சேருங்கள் என்று இருக்கும். நானும் என் 9 வயது மகளும் அப்படி ஒரு வகுப்பில்தான் சேர்ந்தோம். ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய், யூனிஃபார்ம் அவர்களிடமே வாங்க வேண்டும். ஆரம்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் அவள் எனக்கு உதை திருத்துவாள், அதில் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

முதல் கோளாறு ஸ்ட்ரெச்சிங்கில். ஓட்டம் இல்லை, வார்ம்அப் இல்லை, வந்ததும் ஸ்ப்ளிட். எட்டு வயசுப் பிள்ளைகள் ரப்பர் மாதிரி உட்கார்ந்துவிடும். நாற்பதைத் தாண்டியவளுக்கு அது நடக்குமா? மாஸ்டர் பின்னால் வந்து என் தோளில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். "வலிச்சாத்தான் ஃப்ரீ ஆகும் சிஸ்டர்." பின்தொடையில் 'டக்'கென்று ஒன்று. அன்று மாடிப்படி ஏற மகள் கை கொடுத்தாள். தசை கிழிந்திருக்கிறது என்றார் பிசியோதெரபிஸ்ட். மாஸ்டரோ வீட்டில் தைலம் தேய்க்கச் சொன்னார்.

கால் தேறித் திரும்பப் போனபோது பெல்ட் டெஸ்ட் சீசன். இரண்டு மாதத்துக்கு ஒரு டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தோற்றவர் என்று யாருமே கிடையாது. ஒரு பையன் பாதியில் அசைவு வரிசை மறந்து அழுதுகொண்டே நின்றான், அவனுக்கும் பச்சைக் கோடு போட்ட பெல்ட் கட்டி போட்டோ எடுத்தார்கள். கலர் பெல்ட்டை வகுப்பு நடத்துபவரே கொடுத்துக்கொள்ளலாம், வெளியே யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால் நடுவில் எத்தனை கோடு போட்டுக் காசு பார்ப்பது என்பது அவரவர் சாமர்த்தியம்.

பெரிய தொகை கறுப்பு பெல்ட்டில். ஆளுக்கு 18,000. டேக்வாண்டோவின் உலகத் தலைமையகமான குக்கிவானின் சான்றிதழ் கொரியாவிலிருந்தே வரும், காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகும் என்றார். தேகுக் என்ற அசைவு வரிசைகளில் எங்களுக்கு அப்போது நான்கு வரைதான் தெரியும். முதல் கறுப்பு பெல்ட்டுக்கு எட்டும் தெரிந்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "ஒரே வாரத்துல முடிச்சிடலாம் மேடம்" என்றார். முடித்தும் காட்டினார், எப்படி என்று கேட்காதீர்கள்.

சான்றிதழும் வந்தது. தங்க நிற முத்திரை, பளபளா தாள். மகளுடையதில் 'முதல் டான்', அதாவது கறுப்பு பெல்ட்டின் முதல் படி, என்று இருந்தது. 15 வயதுக்குக் கீழே இருந்தால் குக்கிவான் கொடுப்பது சிறுவர்களுக்கான 'பூம்', டான் அல்ல. அதற்கான பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. இன்னொரு கூத்து, என் தாளிலும் அவள் தாளிலும் ஒரே பிறந்த தேதி. குக்கிவான் தளத்தில் சான்றிதழ் எண்ணைப் போட்டுத் தேடலாம் என்று ஒரு தோழி சொல்லித் தேடினேன். எங்கள் இரண்டு பேர் பதிவும் இல்லை. லோக்கல் பிரஸ்ஸில் அடித்த தாளுக்கு 36,000 கொடுத்திருக்கிறோம்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் சும்மா பேச்சு. அங்கே பார்ப்பது அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் வாங்கிய இடத்தை. பெல்ட் கலரை யாரும் கேட்பதில்லை.

விளக்கம் கேட்டேன். "கொரியா ஆபீஸ்ல டிலே" என்றார். குரூப்பில் கேட்டேன், குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். சரியாகவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை.

அந்த பேட்ச்சில் பணம் கட்டியவர்கள் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். ஜிபே ரசீதையும், 'கொரியாவிலிருந்து வரும்' என்று அவர் போட்ட மெசேஜையும் குரூப்பைக் கலைப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சேர்ந்து புகார் கொடுக்க விருப்பமுள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.